நூலகத்துக்குச் சமூக வலைக் கருவிகள்: எதை முதலில் கற்பது, எதைப் பிறகு தொடங்குவது

கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், கல்லூரி நூலகம் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் வாசகர் வட்டத்தினருக்கும் இந்த வழிகாட்டி. பயிற்சி வகுப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். ஆர்வத்தோடு வருகிறவர்கள் முதல் நாளே ஃபேஸ்புக் பக்கம் திறந்துவிடுகிறார்கள். ஒரு தொடக்க அறிவிப்பு, ஒரு பொங்கல் வாழ்த்து, விழாவில் எடுத்த ஒரு குழுப்படம். மூன்றாவது மாதம் பக்கம் உறங்கிவிடுகிறது. உழைப்பில் குறையில்லை, வரிசைதான் தலைகீழாகிவிட்டது.

வாசகர் ஏற்கெனவே நூலகத்தைத் தேடுகிற இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு அவரோடு பேச ஒரே ஒரு வழி. அது கைக்குப் பழகிய பிறகுதான் மற்றவை. கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

1. கணக்கு திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை எழுத்து மூலமான அனுமதி. பொது நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலரிடம், கல்லூரி என்றால் முதல்வரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து ஒப்புதல் பெற்றுக் கோப்பில் வையுங்கள். எந்தக் கருவி, எதற்காக, யார் பொறுப்பு என்ற மூன்று செய்தி அதில் இருந்தால் போதும். நாளை ஒரு பதிவைப் பற்றிப் புகார் வந்தால் பதில் சொல்லப் போவது அந்தக் கடிதம்தான்.

இரண்டாவது, நூலகத்துக்கென ஒரு சிம் எண்ணும் ஒரு மின்னஞ்சலும். நூலகர் தம் சொந்த எண்ணில் தொடங்குவதுதான் நான் கண்ட தவறுகளிலேயே அதிகச் சேதம் விளைவிப்பது. அவருக்குப் பணிமாறுதல் வந்ததும் வாட்ஸ்அப் அவரோடு போய்விடுகிறது. வாசகர்கள் புதிய ஊரில் இருக்கும் அவரையே நூல் புதுப்பிக்கச் சொல்லி அழைத்துக்கொண்டிருப்பார்கள். மின்னஞ்சல் முகவரியிலும் ஆள் பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் நூலகம் என்ற சொல்லும் இருக்கட்டும். சிம்முக்கு ரீசார்ஜ் நின்றுபோனால் நிறுவனம் அந்த எண்ணைக் காலப்போக்கில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஆகவே ரீசார்ஜ் செலவு யார் கணக்கில் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வாசகர் வட்டம் ஏற்பதாக இருந்தால் அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

மூன்றாவது, இருபடிச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லோ ஓடிபியோ மட்டும் போதாமல், உள்ளே நுழைய இன்னொரு குறியீட்டையும் கேட்கும் ஏற்பாடு இது. மின்னஞ்சல், வாட்ஸ்அப் இரண்டிலும் இதை இயக்கிவிடுங்கள். கைபேசி தொலைந்தாலும் உள்ளே நுழைய மின்னஞ்சல் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து, உறையில் இட்டு ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பு வரும்போது ஊழியர் தயங்காமல் சொல்லிவிடுகிறார். இந்த ஓர் அழைப்பை நடித்துக் காட்டியே பயிற்சி கொடுங்கள்.

நான்காவது, எல்லாக் கருவியிலும் ஒரேபோல் தெரியும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ்த் தட்டச்சு. அலுவலகக் கணினியில் பழைய அறிவிப்புகள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் கைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு ஒட்டுங்கள். தட்டச்சு வராதவர்கள் கைபேசி விசைப்பலகையின் குரல் உள்ளீட்டில் தொடங்கலாம். ஒற்றுப்பிழைகளைத் திருத்தாமல் மட்டும் அனுப்ப வேண்டாம், அனுப்புவது நூலகம்.

2. முதல் இரண்டு வாரம் பதிவு எதுவும் இடாதீர்கள்

அமெரிக்காவின் சார்லட் மெக்லன்பர்க் நூலகத்தில் 2006-இல் ஹெலீன் ப்ளோவர்ஸ் '23 விஷயங்கள்' என்ற பயிற்சியை வகுத்தார். ஊழியர்கள் ஒன்பது வாரத்தில் 23 சின்னச் சின்ன வேலைகளைத் தாமே செய்து பார்த்துக் கற்றார்கள். மேடையில் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பாக அது இருக்கவில்லை. இந்த முறை நம் ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது. கைபேசியைக் கையில் எடுத்துத் தவறாக ஒருமுறை அழுத்திப் பார்க்காமல் யாருக்கும் இது வருவதில்லை.

இருவர் இருவராகச் சேர்ந்து நாளுக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நூலகத்தின் பெயரைத் தேடுங்கள். வரைபடத்தில் யார் என்ன மதிப்புரை எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். வேறு மூன்று நூலகங்களின் வாட்ஸ்அப் சேனலைப் பின்தொடருங்கள். உங்கள் ஊரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை முழுதாக வாசியுங்கள்.

இதே இரண்டு வாரமும் கொடுக்கல் வாங்கல் மேசையில் ஒரு நோட்டு இருக்கட்டும். நேரிலோ தொலைபேசியிலோ வாசகர் கேட்பதையெல்லாம் ஒரு வரியில் குறியுங்கள். 'இன்று திறந்திருக்கிறதா?', 'குரூப் 4 பழைய வினாத்தாள் இருக்கிறதா?', 'உறுப்பினராக என்ன கொண்டுவர வேண்டும்?', 'அந்த நூல் திரும்பி வந்துவிட்டதா?' என்ற நான்கைந்து கேள்விகளே மீண்டும் மீண்டும் வருவதைப் பார்ப்பீர்கள். எந்தக் கருவி வேண்டும், அதில் முதலில் என்ன எழுத வேண்டும் என்பதை இந்த நோட்டுதான் சொல்லும். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் வாழ்த்துப் படங்களில் போய் நிற்கிறார்கள்.

3. வரைபடத்தில் உங்கள் நூலகத்தைச் சரிசெய்யுங்கள்

கூகுள் வரைபடத்தில் உங்கள் நூலகம் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். யாரோ ஒரு வாசகர் சேர்த்திருப்பார். பெயர் பிழையாக இருக்கும், வாசல் பக்கத்துத் தெருவில் இருக்கும், நேரம் ஊகமாக இருக்கும். தமிழ்நாட்டில் பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஆனால் ஞாயிறு மூடல் என்று யாரோ நிரப்பியிருப்பார்கள். அதை நம்பி ஞாயிறு வராமல் வெள்ளியன்று வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர் மறுபடி வருவது கடினம்.

செய்யும் முறை: நூலக மின்னஞ்சலில் நுழைந்து, அந்த இடத்தைத் திறந்து, உரிமை கோருங்கள். புதிதாக ஓர் இடத்தைச் சேர்க்க வேண்டாம். ஒரே நூலகம் இரண்டு குறியாகி, மதிப்புரைகள் ஒன்றிலும் சரியான நேரம் இன்னொன்றிலுமாகச் சிதறிவிடும். சரிபார்ப்புக்குச் சில நேரம் காணொளி கேட்பார்கள். தெரு, பெயர்ப்பலகை, ஊழியர் மட்டும் நுழையும் பகுதி ஆகியவற்றை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வாசகர் இல்லாத நேரத்தில் எடுங்கள்.

உரிமை கிடைத்ததும் நேரத்தை நிரப்புங்கள். காலை, மாலை என இடைவேளை இருந்தால் இரண்டு பகுதியாகவே போடுங்கள். அரசு விடுமுறைகளைச் 'சிறப்பு நேரம்' என்ற இடத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடலாம். வாசல், வாசிப்பறை, சக்கர நாற்காலி ஏறும் சரிவு ஆகிய மூன்று படம் போதும். சரிவு இல்லை என்றால் இல்லை என்றே குறிக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் படிக்கட்டின் கீழே வந்து நின்று தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

பிறர் திருத்தம் செய்ய முடிகிற இடம் இது. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதை யாராவது ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

4. வாட்ஸ்அப்: குழுவா, ஒலிபரப்புப் பட்டியலா, சேனலா

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். தெரிந்தது குழு என்பதால் குழுவையே தொடங்குகிறார்கள். குழுவில் ஒவ்வோர் உறுப்பினரின் எண்ணும் மற்றவர் எல்லோருக்கும் தெரியும். நூலகத்துக்கு வருகிற மாணவியின் எண்ணை முன்பின் தெரியாத நூறு பேர் கையில் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. குழுவால் வந்த தொல்லை அழைப்பை வீட்டில் சொல்ல முடியாமல் நூலகத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் எண்கள் வெளியே தெரியாது. ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதிலும் நூலக எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே செய்தி போய்ச் சேரும். அனுப்பிவிட்டோம் என்று நாம் நினைத்திருக்க, பாதிப் பேருக்குப் போயிருக்காது.

பொது அறிவிப்புக்குச் சேனல் சரி. பின்தொடர்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நிர்வாகியின் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது. விரும்பியவர் தாமாக வந்து சேர்கிறார், விரும்பாதபோது ஓசையில்லாமல் விலகுகிறார். சேனலின் க்யூஆர் குறியீட்டை அச்செடுத்து நுழைவுப் பதிவேட்டின் பக்கத்தில் ஒட்டுங்கள். உறுப்பினர் பட்டியலில் இருக்கும் எண்களை எடுத்து யாரையும் கேட்காமல் எதிலும் சேர்க்கக்கூடாது. நூல் கடன் வாங்குவதற்காகக் கொடுத்த எண் அது.

கேள்வி கேட்க வேறு வழி வேண்டும். அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நூலக எண்ணில் நிறுவுங்கள். ஒரே எண் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் இயங்காது என்பதால்தான் தனி சிம் கேட்டேன். நூலகம் மூடியிருக்கும்போது தானாகப் போகும் பதிலை எழுதி வையுங்கள். மேசை நோட்டில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு 'விரைவுப் பதில்' தயார் செய்யுங்கள். உறுப்பினர் சேர்க்கை விவரத்தை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பிறகு ஒரு தட்டுத்தான்.

வாசகர் வட்டம் பேசிக்கொள்ளக் குழு கேட்டால் தனியாக, சிறிதாக, ஒவ்வொருவரின் சம்மதத்தோடு தொடங்கட்டும். அதன் நிர்வாகம் வட்டத்தின் கையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நூலைத் திருப்பித் தராதவர்களின் பட்டியலைக் குழுவிலோ சேனலிலோ போடாதீர்கள். யார் என்ன நூல் எடுத்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையில் உள்ளது. மருத்துவ நூலோ, மணமுறிவுச் சட்ட நூலோ எடுத்தவரின் பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நினைவூட்டல் தனிச் செய்தியாகத்தான் போக வேண்டும்.

5. பதிவு எழுதும் விதம்

பழக்கதோஷத்தில் வருவது இது: 'நமது நூலகத்திற்குப் புதிய நூல்கள் வரப்பெற்றுள்ளன. வாசகப் பெருமக்கள் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இதைப் படித்து யாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'சொட்டுநீர்ப் பாசனம் பற்றி இரண்டு கையேடு வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை புதிய பாடநூல்கள் குறிப்புதவிப் பகுதியில், ஜன்னல் ஓர அலமாரியில் இருக்கின்றன, உள்ளேயே படிக்கலாம். மற்றவை சனிக்கிழமை முதல் கடனுக்குக் கிடைக்கும்.' எந்த நூல், எங்கே, எப்போது என்ற மூன்றும் இருந்தால் பதிவு தன் வேலையைச் செய்யும்.

விடுமுறை அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்புவது அடுத்த தவறு. நான்கு வண்ணம், ஓரத்தில் பூ, நடுவில் சிறிய எழுத்தில் தேதி. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் படித்துச் சொல்லாது. பிறகு தேடினாலும் கிடைக்காது. செய்தியை எழுத்தாகவே அனுப்புங்கள். படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள்.

தேதியைக் கிழமையோடு எழுதுங்கள். 'நாளை' என்று மட்டும் எழுதினால், இரண்டு நாள் கழித்து வேறொருவர் பகிரும்போது அதுவே பொய்யாகிவிடும்.

வாரம் இரண்டு பதிவு போதும். கிழமையை முடிவு செய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள். வேலைவாய்ப்பு அறிவிப்பு என்று வரும் ஃபார்வர்ட் எதையும், உரிய தேர்வாணையத்தின் சொந்தத் தளத்தில் கண்ணால் பார்க்காமல் பகிரக்கூடாது. நூலகம் அனுப்பியது என்பதாலேயே நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

6. படம், குழந்தைகள், பதிப்புரிமை

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. கோடை முகாம், கதை நேரம் ஆகியவற்றில் எடுத்த படங்களைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியிட வேண்டாம். சேர்க்கைப் படிவத்திலேயே சம்மதத்துக்கு ஒரு கட்டம் வையுங்கள். 'இல்லை' என்று குறித்த குழந்தையையும் எல்லாவற்றிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், படத்தில் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகுப்பக்கமிருந்து எடுத்தால், கதை சொல்பவரின் முகமும் குழந்தைகளின் தலைகளும் மட்டும் வரும். படமும் அழகாகவே இருக்கும். குழந்தையின் முழுப் பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டாம்.

வாசிப்பறையில் தேர்வுக்குப் படிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் தவறுதான். அவர்கள் தேடி வந்தது அமைதியை.

பதிப்புரிமையில் பெரிய தவறு, நூல்களின் பிடிஎஃப் கோப்பைப் பகிர்வது. வாசகர் நன்றி சொல்வார் என்பதால் செய்யத் தோன்றும். செய்யக்கூடாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தார். அவர் வாழ்நாளில் வெளியான எழுத்துகளுக்கான உரிமைக் காலம் 2008-ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் இன்று ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திச் செம்பதிப்பாகக் கொண்டுவரும் நூலில் உள்ள முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டை ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் பலவற்றை, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இலவச நூல் தளம் விக்கிமூலத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் படிக்கலாம். கோப்பை அனுப்பாமல் அந்த இணைப்பை அனுப்புங்கள். வாசகருக்கு அந்த நூலோடு பக்கத்து நூல்களும் கண்ணில் படும்.

7. ஃபேஸ்புக், யூடியூப், இன்ஸ்டாகிராம்

சேனல் ஆறு மாதம் தடையில்லாமல் ஓடிய பிறகு பார்க்கலாம். ஃபேஸ்புக்கில் நூலகத்தின் பெயரில் தனிநபர் கணக்கு திறக்காதீர்கள், பக்கம்தான் திறக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கு 5,000 நண்பர் என்ற வரம்பு உண்டு. பெயர் விதிக்கு முரணானது என்று முடக்கவும் செய்வார்கள். இருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுங்கள். யூடியூப் வேண்டுமென்றால் வாசகர் வட்டப் பேச்சுகளைப் பதிவுசெய்து ஏற்றலாம். பேச்சாளரின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், பின்னணியில் திரைப்பாடல் ஒலிக்க வேண்டாம்.

எந்தத் தளத்தையும் காப்பகமாக நம்பக்கூடாது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஒவ்வொரு படமும் பேச்சும் முதலில் நூலகக் கணினியில், ஆண்டு வாரியான கோப்புறையில் இருக்க வேண்டும். தளத்துக்குப் போவது அதன் நகல்.

8. விக்கித் திட்டங்கள்: நூலகத்தின் அலமாரி உலகத்துக்குப் பயன்படும் இடம்

என் மனத்துக்கு மிக நெருக்கமான படி இது. மற்றக் கருவிகளில் நாம் நம்மைப் பற்றிச் சொல்கிறோம். இங்கே நம்மிடம் இருப்பதைக் கொடுக்கிறோம்.

முதலில் கணக்கு. விக்கியில் ஒரு கணக்கு ஓர் ஆளுக்கு. நூலகத்தின் பெயரில் திறந்து பலரும் பயன்படுத்துவதை அங்கே ஏற்பதில்லை. அவரவர் தம் பெயரிலோ புனைபெயரிலோ தொடங்கட்டும். புதியவர்கள் உடனே செய்ய ஆசைப்படுவது தம் நூலகத்தைப் பற்றிய கட்டுரை. அதைத் தவிருங்கள். விளம்பரம் என்று நீக்கிவிட்டால் மனம் உடைந்து திரும்பியே வர மாட்டார்கள்.

தொடங்க வேண்டிய இடம் மேற்கோள். 'ஒரு நூலகர், ஒரு மேற்கோள்' என்ற உலகளாவிய இயக்கம் 2016 முதல் நடக்கிறது. ஜனவரி 15 முதல் பிப்ரவரி 5 வரையும், மே 15 முதல் ஜூன் 5 வரையும் நூலகர்கள் விக்கிப்பீடியா கட்டுரைகளுக்குச் சான்று சேர்க்கிறார்கள். உங்கள் வட்டத்து ஊர், கோயில், ஏரி பற்றிய தமிழ்க் கட்டுரைகளைத் திறந்தால் 'சான்று தேவை' என்ற குறி பல இடங்களில் கண்ணில் படும். அந்தச் சான்று உங்கள் குறிப்புதவி அலமாரியில், மாவட்ட விவரச் சுவடியிலோ (கெசட்டியர்) தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியிலோ இருக்கக்கூடும்.

நூலை எடுத்து, அந்த வரி உண்மையில் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று படித்த பிறகே சேர்க்க வேண்டும். தொகுப்புப் பெட்டியில் மேற்கோள் பொத்தானை அழுத்தி ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் கையால் நிரப்புங்கள். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்தால் தானாக நிரப்பும் வசதி இருக்கிறது. ஆனால் பழைய தமிழ் நூல்களுக்கு அந்த எண்ணே இருக்காது. பக்க எண் இல்லாத மேற்கோளால் அடுத்தவருக்குப் பயனில்லை.

அடுத்து விக்கிமூலம். நாட்டுடைமை நூல்களின் பக்கப் படம் ஒருபுறம், கணினி படித்தெடுத்த எழுத்து மறுபுறம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது என்பதால் இது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வாசகர் வட்டத்தில் இருந்தால் அவர்களை இதில் உட்கார வையுங்கள். 'ர'வும் 'ா'வும் மாறிக் கிடப்பதை அவர்கள் கண் நொடியில் பிடிக்கும்.

விக்கித் திட்டங்களுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் நீங்களே எடுத்த படங்களை மட்டும் ஏற்றுங்கள். 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற நிபந்தனையோடு கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். ஸ்கேன் செய்த நூல் என்றால் இந்தியாவில் உரிமை முடிந்திருப்பது மட்டும் போதாது, அமெரிக்காவிலும் முடிந்திருக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஏற்றும் முன் விக்கியின் உதவிப் பக்கத்தில் கேளுங்கள்.

9. புகார் வந்தால்

பொது இடத்தில் வரும் குறைக்குப் பொது இடத்திலேயே, இரண்டு வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். 'கழிப்பறை பூட்டியிருக்கிறது' என்று ஒருவர் மதிப்புரை எழுதினால், உண்மை நிலையையும் எப்போது சரியாகும் என்பதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் யாரிடம் எழுதியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். வாதம் வேண்டாம். அந்தப் பதிலை எழுதியவருக்காக மட்டும் எழுதுவதில்லை, பிறகு படிக்கப் போகும் அத்தனை பேருக்காகவும் எழுதுகிறோம். வசைச் சொல்லையும் பிறரின் தனி விவரத்தையும் நீக்கலாம். குறை சொன்னதற்காக நீக்கக்கூடாது.

10. பதிவேடும் ஒப்படைப்பும்

விருப்பக் குறிகளை எண்ணுவதில் நேரம் போக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே மேசை நோட்டை மறுபடி ஒரு வாரம் வையுங்கள். 'இன்று திறந்திருக்கிறதா?' என்ற அழைப்பு குறைந்திருக்கிறதா, சேனலில் சொன்ன நூலைக் கேட்டு யாராவது வந்தார்களா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

கணக்குகளுக்கென ஒரு பதிவேடு வேண்டும். கருவியின் பெயர், இணைப்பு, எந்த எண், எந்த மின்னஞ்சல், யார் யார் நிர்வாகி, கடைசியாகச் சரிபார்த்த நாள் என ஆறு பத்தி போதும். கடவுச்சொல்லை அதில் எழுதக்கூடாது. அது மாற்றுக் குறியீடுகள் இருக்கும் உறையில் இருக்கட்டும்.

பணிமாறுதல் நாளில் வரிசை முக்கியம். முதலில் புதியவரை எல்லாக் கணக்கிலும் நிர்வாகியாகச் சேருங்கள். பிறகு கடவுச்சொல்லையும், இருபடிச் சரிபார்ப்புக்கு வாட்ஸ்அப் கேட்கும் 'பின்' (PIN) எண்ணையும் புதியவரே மாற்றட்டும். அதன் பிறகுதான் பழையவர் தம்மை நீக்கிக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றினால் கணக்கு நிர்வாகி இல்லாமல் நின்றுவிடக்கூடும். கடைசியில் புதியவர் சேனலில் ஒரு பதிவு இட்டு, அது தெரிகிறதா என்று அங்கே இருக்கும் ஒரு வாசகரின் கைபேசியில் பார்த்த பின்பு, இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.